இன்சுலின் தேவை தானாகக் குறைகிறதா? சிறுநீரகத்தைப் பாருங்கள் (கேள்வி பதில்)

"சர்க்கரை கூடினால் கிட்னி போய்விடும்" என்பது நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். சிங்கப்பூரில் புதிதாகச் சிறுநீரகம் செயலிழப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு நீரிழிவுதான் காரணம், அதனால் தெரியாமல் இருக்க முடியாது. ஆனால் கதையின் மறுபாதியை யாரும் சொல்வதில்லை: ரத்தத்தில் ஓடும் இன்சுலினைப் பிடிப்பதும் உடைப்பதும் அது சொல்கிறபடி நடப்பதும்கூட இதே சிறுநீரகம்தான். அதைப் பற்றிக் கேளுங்கள் என்றேன், நான் நினைத்ததைவிட நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் சிறுநீரக நோயாளிகளின் மருந்துகளைக் கவனிக்கும் மருந்தாளர், மருத்துவர் இல்லை. உங்கள் ஊசி அளவு ஏன் மாறுகிறது என்று சொல்வேன், எவ்வளவு போடுவது என்று சொல்ல மாட்டேன்.

அங் மோ கியோவிலிருந்து ஒரு மகள்: அக்கா, அப்பாவுக்கு 71 வயது. பல வருஷமாக இரவில் இன்சுலின். போன வருஷம் 36 யூனிட் போட்டவர், இறங்குகிறது இறங்குகிறது என்று குறைத்துக் குறைத்து இப்போது 22தான் போடுகிறார். அதற்கே காலையில் 3.7, 3.9 என்று காட்டுகிறது. சாப்பாடு மாறவில்லை. சொந்தக்காரர்கள் பாகற்காய் ஜூஸ் வேலை செய்கிறது, சர்க்கரை குணமாகிவருகிறது என்கிறார்கள். உண்மையா?

தங்கச்சி, பாகற்காயை விடுங்கள். அப்பாவின் கடைசி ரத்தப் பரிசோதனைத் தாளில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு), ஈஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) என்று இரண்டு வரி இருக்கும், அதைப் பாருங்கள். போன வருஷத் தாளும் கிடைத்தால் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாப்பாடும் எடையும் அப்படியே இருக்க இன்சுலின் தேவை மட்டும் இப்படி இறங்கினால், நான் முதலில் சந்தேகப்படுவது சிறுநீரகத்தைத்தான். வேறு காரணங்களும் உண்டு, கல்லீரல், அட்ரினல் சுரப்பி, பசி குறைந்து எடை இறங்குவது என்று. ஆனால் முதல் சந்தேகம் இது.

ஏன் என்று சொல்கிறேன். கணையம் சுரக்கும் இன்சுலின் நேராக உடம்பெங்கும் போவதில்லை, முதலில் கல்லீரலுக்குப் போகிறது, அங்கேயே ஏறக்குறைய பாதி தீர்ந்துவிடும். மிச்சம்தான் பொது ரத்த ஓட்டத்துக்கு வருகிறது, அந்த மிச்சத்தை அழிப்பதில் மூன்றில் ஒரு பங்கு, சில அளவீடுகளில் அதற்கும் மேல், சிறுநீரகத்தின் வேலை. அப்பா போடுவதோ வயிற்றுத் தோலுக்கு அடியில். அது கல்லீரலுக்கு முதலில் போகாமல் நேரே பொது ரத்தத்தில் கலக்கிறது, ஆகவே ஊசி போடுகிறவர்களுக்குச் சிறுநீரகத்தின் பங்கு இன்னும் கூடுதல். அது மந்தமாகிவிட்டால் நேற்று இரவு போட்ட மருந்து காலையிலும் ரத்தத்தில் நின்று வேலை பார்க்கும், 22 யூனிட்டே பழைய 36 மாதிரி இழுக்கும்.

இது பழைய சங்கதி. 1936இல் கிம்மல்ஸ்டீல், வில்சன் என்ற இருவர் நீரிழிவு நோயாளிகளின் சிறுநீரக வடிகட்டியில் ஒருவகை முடிச்சுகள் இருப்பதை எழுதினார்கள். 1951இல் இன்னொரு குழு, அந்த முடிச்சு வந்தவர்களுக்கு நோயே தணிந்ததுபோல இன்சுலின் தேவை இறங்குவதைக் கவனித்தது. அன்றைக்கே மருத்துவர்களுக்குத் தெரிந்தது இன்றைக்கும் குடும்பத்து வாட்ஸ்அப்பில் நல்ல செய்தியாகத்தான் சுற்றுகிறது, அதுதான் எனக்குக் கவலை.

சரி, இப்போது என்ன செய்வது? இங்கே மீட்டர் காட்டும் மில்லிமோல் கணக்கில் 4.0க்குக் கீழே எது வந்தாலும் ஹைப்போ, அதாவது சர்க்கரை ஆபத்தாகத் தாழ்வது, அதுவும் 71 வயதில், தூக்கத்தில். அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். இந்த வாரமே பலதுறை மருந்தகத்தைக் கூப்பிட்டு, காலை அளவுகளை எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள். வடிகட்டும் வேகம் (அந்த ஈஜிஎஃப்ஆர் எண்) 50க்கும் 10க்கும் நடுவில் இருந்தால் மொத்த இன்சுலினில் கால் பங்கு, 10க்குக் கீழே போனால் பாதி குறைப்பது என்று மருத்துவர்களிடம் ஒரு பொதுவான கணக்கு உண்டு. அது தொடக்கம் மட்டுமே. சிறுநீரகம் கெடும்போது ரத்தத்தில் சேரும் கழிவுகள் இன்சுலினை வேலை செய்யவிடாமலும் தடுக்கும், ஆகவே ஒரு சிலருக்குத் தேவை கூடவும் செய்யும். எந்தப் பக்கம் இழுக்கிறது என்பது அவரவர் குளுக்கோமீட்டரில்தான் தெரியும்.

பாலிடெக்னிக் மாணவர்: சிறுநீரகம் இன்சுலினை வடிகட்டுகிறது என்றால் சிறுநீரில் இன்சுலின் இருக்க வேண்டுமே? படிக்கும்போது இந்த இடத்தில் குழம்பிவிட்டேன்.

குழம்ப வேண்டிய இடம்தான் தம்பி. வடிகட்டியைத் தாண்டி இறங்குவதில் நூற்றுக்கு ஒன்று இரண்டுக்கு மேல் சிறுநீரில் வருவதில்லை. இறங்குவது என்னவோ தாராளமாக இறங்குகிறது: இன்சுலினில் மொத்தமே 51 அமினோ அமிலம், எடை சுமார் 5,800 டால்டன். வடிகட்டி தடுத்து நிறுத்தும் ஆல்புமின் 66,000க்கு மேல். அப்படியானால் உள்ளே போனதெல்லாம் எங்கே?

வடிகட்டிக்கு அடுத்து வருவது அண்மைச் சுருள் நுண்குழல், வகுப்பில் புராக்ஸிமல் ட்யூபியூல் என்றுதான் சொல்லியிருப்பார்கள். அதன் உட்பக்கச் செல்களின் மேற்பரப்பு முழுவதும் மெல்லிய விரல்களாக நீட்டிக்கொண்டிருக்கும், அந்த விரல்களின் அடியில் மெகாலின், கியூபிலின் என்று இரண்டு பெரிய புரதங்கள். இன்சுலின் மெகாலினில் ஒட்டுகிறது. ஒட்டியதும் அந்த இடத்துச் சவ்வு உள்ளே மடிந்து ஒரு சின்னப் பையாகிறது. பைக்குள் அமிலத்தன்மை கூடக்கூட இன்சுலின் பிடி விட்டுக் கழல்கிறது, மெகாலின் அடுத்ததைப் பிடிக்க மேற்பரப்புக்குத் திரும்பிவிடுகிறது. இன்சுலின் மட்டும் செல்லின் செரிமானப் பையான லைசோசோமுக்குப் போய் அமினோ அமிலமாக உதிர்கிறது, அவை ரத்தத்துக்கே திரும்புகின்றன, ஒன்றும் வீண் இல்லை. இன்சுலினை வெட்டுவதற்கென்றே பெயர் வைத்த என்சைம் ஒன்றும், இரண்டு சங்கிலிகளையும் பிணைக்கும் கந்தகப் பாலங்களை அவிழ்க்கும் என்சைம் இன்னொன்றும் இந்த வேலையில் சேர்கின்றன.

இப்போது ஒரு கணக்குப் போடு. வடிகட்டி வழியாக மட்டும்தான் இன்சுலின் வெளியேறுகிறது என்று வைத்துக்கொண்டால், சிறுநீரகத்தால் நிமிடத்துக்கு அதிகம் போனால் 120 மில்லிலிட்டர் பிளாஸ்மாவிலிருந்துதான் இன்சுலினை எடுக்க முடியும், வடிகட்டும் வேகமே அவ்வளவுதானே. ஆனால் ஆரோக்கியமானவர்களிடம் அளந்தால் 200 அளவில் வருகிறது. மீதி 80 எங்கிருந்து வந்தது? குழலின் வெளிப்பக்கத்திலிருந்து. வடிகட்டியில் இறங்காமல் தப்பிய ரத்தம் அடுத்ததாக இந்தக் குழல்களைச் சுற்றியுள்ள தந்துகிகளில்தான் ஓடுகிறது, அங்கே குழல் செல்கள் தங்கள் முதுகுப் பக்கமாக இன்சுலினை உறிஞ்சிக்கொள்கின்றன. ஆக சுமார் 60 சதவீதம் உள்வழி, 40 சதவீதம் வெளிவழி. சிறுநீரகம் கெடத் தொடங்கும்போது உள்வழி சுருங்க, வெளிவழி கொஞ்ச காலம் ஈடுகட்டிக்கொண்டே வரும். வடிகட்டும் வேகம் 20ஐ ஒட்டி இறங்கும்போது அதுவும் முடியாமல் போய், இன்சுலின் சட்டென்று தேங்கும். மேலே அங் மோ கியோ அப்பாவுக்குப் போன வருஷம்வரை ஒன்றும் தெரியாமல் இருந்து இப்போது வேகமாகத் தெரிவதற்கு இப்படி ஒரு பின்னணி இருக்கலாம்.

அதே மாணவர்: அப்போ மெகாலின்தான் இன்சுலின் ரிசெப்டரா அக்கா?

இல்லை, இரண்டையும் போட்டுக் குழப்பினால் மார்க் போய்விடும். மெகாலின் கிடைத்ததை எல்லாம் பிடிக்கும்: ஆல்புமின், வைட்டமின் டியைச் சுமந்து வரும் புரதம், ஏன், ஜென்டாமைசின் மருந்துகூட (அந்த மருந்து சிறுநீரகத்தைக் கெடுப்பதற்கு இதுவே ஒரு காரணம்). இன்சுலின் என்ன சொல்ல வந்தது என்பது அதற்குத் தேவையில்லை. உண்மையான ரிசெப்டர், அதாவது இன்சுலினின் செய்தியைச் செல்லுக்கு வாங்கித் தரும் புரதம், நான்கு துண்டுகளால் ஆனது, வெளியே இரண்டு ஆல்ஃபா, சவ்வைத் துளைத்து உள்ளே போகும் இரண்டு பீட்டா. இன்சுலின் வெளியே ஒட்டினால் உள்ளே பீட்டாவில் இருக்கும் டைரோசின் கைனேஸ் விழித்துக்கொண்டு ஐஆர்எஸ் என்ற புரதங்களுக்குச் செய்தியைக் கடத்தும். குழல் செல்களில் இது பெரும்பாலும் ரத்தத்தைப் பார்த்த பக்கத்தில் இருக்கிறது. வடிகட்டியின் போடோசைட் செல்களிலும், ஹென்லே வளைவிலும், அதற்கப்பால் கடைசிக் குழல்கள் வரைக்கும் உண்டு. ஒரே கடிதத்தை ஒருவர் பிரித்துப் படிக்கிறார், இன்னொருவர் படிக்காமலே கிழித்துப் போடுகிறார், சிறுநீரகத்தில் இரண்டு பேருக்கும் வேலை இருக்கிறது. ஒரு சின்ன சிக்கல் மட்டும்: ரிசெப்டரில் ஒட்டிய இன்சுலினும் செய்தி சொன்ன பிறகு ரிசெப்டரோடு உள்ளே இழுக்கப்பட்டு உடைக்கப்படுகிறது. அதனால் வெளிவழியில் படிப்பதும் கிழிப்பதும் ஒரே ஆள்தான்.

பெடோக்கிலிருந்து ஒரு அண்ணன்: போன மாதம் இன்சுலின் ஆரம்பித்தார்கள். சர்க்கரை நன்றாக இறங்கிவிட்டது, ஆனால் கணுக்கால் வீங்குகிறது, மோதிரம் கழற்ற முடியவில்லை. ஊசி ஒத்துக்கொள்ளவில்லையா?

அண்ணா, முதலில் ஒன்று: மூச்சு வாங்கினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ இதைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள், அவசரப் பிரிவுக்குப் போங்கள். இதயமும் சிறுநீரகமும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்தே ஆக வேண்டும். அது சரி என்றால் இது பெரும்பாலும் இன்சுலினே செய்யும் வீக்கம், புதிதாக ஆரம்பித்தவர்களுக்கு, அதுவும் ரொம்ப நாள் சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்தவர்களுக்கு வரும், வழக்கமாகச் சில வாரத்தில் வடியும்.

இன்சுலினுக்குச் சிறுநீரகம் காட்டும் முக்கியமான எதிர்வினை உப்பைப் பிடித்து வைப்பது. 1975இல் டிஃப்ரான்சோ என்ற மருத்துவர் குழு ஆரோக்கியமானவர்களுக்கு இன்சுலினை ஏற்றிக்கொண்டே, கூடவே குளுக்கோஸும் ஏற்றி ரத்தச் சர்க்கரை அசையாமல் பார்த்துக்கொண்டது. வடிகட்டும் வேகம் மாறவில்லை, ஆனால் சிறுநீரில் போகும் சோடியம் பாதியளவுக்குக் குறைந்துவிட்டது. சர்க்கரை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, ஆக இது இன்சுலின் நேராகக் குழல்களிடம் சொல்லிச் செய்த வேலை. உப்பு நின்றால் தண்ணீரும் நிற்கும், மோதிரம் இறுகும்.

இதில் கொடுமை என்னவென்றால், இன்சுலின் எதிர்ப்பு வந்த உடம்பில் எல்லா வேலையும் சமமாகக் கெடுவதில்லை. சர்க்கரை சம்பந்தப்பட்ட செய்தி பெரும்பாலும் ஐஆர்எஸ்1 வழியாகப் போகிறது, அது மழுங்கிவிடுகிறது. அண்மைக் குழலில் உப்பைப் பிடிக்கச் சொல்லும் செய்தி ஐஆர்எஸ்2 வழியாகப் போகிறது, அது பெரும்பாலும் கெடாமல் நிற்கிறது. சர்க்கரையை இறக்கக் கணையம் கூடக்கூட இன்சுலினைக் கொட்டுகிறது, சர்க்கரை இறங்கவில்லை, ஆனால் சிறுநீரகம் மட்டும் சொல்பேச்சு தவறாமல் உப்பைச் சேர்த்துக்கொண்டே போகிறது. இடுப்பு பெருத்தவர்களுக்கு ரத்த அழுத்தமும் சேர்ந்தே வருவதற்கு இது ஒரு காரணம். அதனால் உங்களுக்கு என் யோசனை: ஊசியை நீங்களாக நிறுத்தாதீர்கள், உணவங்காடியில் மீ ரெபுஸ் குழம்பையும் மீன் உருண்டை சூப்பையும் கிண்ணத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள். கோப்பி ஓ கொசோங் கேட்டு வாங்குகிற அளவுக்குச் சர்க்கரையில் கவனமாக இருப்பவர்கள்கூட சூப்பை மட்டும் கடைசிச் சொட்டுவரை குடித்துவிடுகிறார்கள்.

உட்லண்ட்ஸ் அம்மா ஒருவர்: சர்க்கரையைச் செய்வது கல்லீரல்தானே? கிட்னியும் செய்யும் என்று தாதி சொன்னாரே, சரியா?

சரிதான் அம்மா. இரவு சாப்பிட்டுத் தூங்கி எழும் நேரத்தில் ரத்தத்துக்கு வரும் குளுக்கோஸில் ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகத்திலிருந்து வருகிறது. லாக்டேட், குளூட்டமின், கிளிசரால் இவற்றிலிருந்து புறணிப் பகுதியில் செய்கிறது. நீண்ட பட்டினியில் அதன் பங்கு இன்னும் ஏறும். இன்சுலின் வந்தால் இந்தத் தயாரிப்பு அடங்கும், அட்ரினலின் வந்தால் கூடும். சர்க்கரை தாழும்போது படபடப்பு வருகிறதே, அந்த நேரம் கல்லீரலோடு சிறுநீரகமும் உதவிக்கு ஓடிவருகிறது. அதனால் சிறுநீரகம் கெட்டவருக்கு ஹைப்போவில் இரட்டை அடி: இன்சுலின் போகாமல் நிற்கும், தூக்கிவிட வேண்டிய குளுக்கோஸும் வராது. அதோடு பசியும் இருக்காது.

சுவா சூ காங்கிலிருந்து: எனக்கு ஹெச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 6.8தான், எப்போதும் கட்டுக்குள் இருக்கிறது. ஆனாலும் சிறுநீரில் புரதம் வருகிறது என்கிறார்கள். எப்படி?

ரத்த அழுத்தம், வயது, சர்க்கரை கண்டுபிடிப்பதற்கு முன் கவனிக்காமல் போன வருஷங்கள், வேறு சிறுநீரக நோய் என்று பல காரணங்கள் இருக்கலாம், உங்களுக்கு எது என்று மருத்துவர்தான் பார்க்க வேண்டும். ஆனால் இந்த இடத்தில் ஒரு சுவாரசியமான ஆராய்ச்சி இருக்கிறது. வடிகட்டியின் வெளிப்புறத்தைக் கால்களால் பின்னிப் பிடித்திருக்கும் செல்தான் போடோசைட், புரதம் ஒழுகாமல் காப்பது அதுதான். அந்த செல்லுக்கு இன்சுலின் தேவை, இன்சுலின் வந்தால் அது குளுக்கோஸை உள்ளே எடுக்கிறது, தன் கால்களின் வடிவத்தைச் சரிசெய்துகொள்கிறது. 2010இல் வந்த ஆய்வில் எலிகளுக்குப் போடோசைட்டில் மட்டும் இன்சுலின் ரிசெப்டரை நீக்கினார்கள். ரத்தச் சர்க்கரை ஏறவே இல்லை, ஆனாலும் சிறுநீரில் ஆல்புமின் வந்தது, வடிகட்டி தழும்பேறி, பார்ப்பதற்கு நீரிழிவுச் சிறுநீரகம் போலவே ஆனது. எலிதான், மனிதர் இல்லை. ஆனாலும் சர்க்கரை எண் சரியாக இருந்தால் போதும் என்ற நினைப்பை அது கொஞ்சம் ஆட்டிவிட்டது, இன்சுலின் அந்த செல்லின் காதில் விழாமல் போவதே ஒரு நோயாக முடியும். உங்களுக்கு நடைமுறையில்: வருஷம் ஒருமுறை சிறுநீர் ஆல்புமின் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள், ரத்த அழுத்த மாத்திரையை "இன்று தலை சுற்றவில்லை" என்று விடாதீர்கள்.

செங்காங்கிலிருந்து: சி பெப்டைட் பரிசோதனையில் அளவு அதிகமாக வந்தது. கணையம் நன்றாக வேலை செய்கிறது, ஊசி வேண்டாம் என்று ஒரு நண்பர் சொல்கிறார். எனக்கு ஈஜிஎஃப்ஆர் 28.

நண்பரிடம் அந்த 28ஐயும் சொல்லுங்கள். கணையம் ஒவ்வொரு இன்சுலினோடும் ஒரு சி பெப்டைடை வெளியே விடுகிறது, கல்லீரல் அதைத் தொடுவதில்லை, பெரும்பங்கை அகற்றுவது சிறுநீரகம். வெளியேறும் வழி அடைத்தால் அளவு ஏறத்தான் செய்யும். 28இல் வந்த உயர்ந்த எண்ணை வைத்துக் கணையத்துக்கு நற்சான்று கொடுக்க முடியாது.

ஜூரோங்கிலிருந்து: யூரிக் ஆசிட் கூடி கவுட் வருகிறதே, அதற்கும் இன்சுலினுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. ரத்தத்தில் இன்சுலின் கூடுதலாக இருக்கும்போது சிறுநீரகம் உப்போடு யூரிக் அமிலத்தையும் வெளியே விடாமல் பிடிக்கிறது. கால் கட்டைவிரல் வீங்கியவர்கள் சர்க்கரையையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஈசூன் மாமா: நான் ஊசியே போடுவதில்லை, மாத்திரை மட்டும். இதெல்லாம் எனக்கு எதற்கு?

மாமா, உங்கள் மாத்திரை எது என்பதைப் பொறுத்தது. கிளிபென்கிளமைட், கிளிபிசைட் வகை மாத்திரைகள் உங்கள் கணையத்தையே பிழிந்து இன்சுலினை வரவைப்பவை. அப்படி வந்த இன்சுலினும் சிறுநீரகம் மந்தமானால் கூடுதல் நேரம் நிற்கும். கிளிபென்கிளமைடில் கூடுதல் தொல்லை, கல்லீரல் அதை உடைத்த பிறகு வரும் துண்டுகளும் சர்க்கரையை இறக்கும், அவை வெளியேற வேண்டியது சிறுநீரகம் வழியாக. அதனால் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இப்போது அதை யாரும் விரும்பிக் கொடுப்பதில்லை, கிளிபிசைட் பரவாயில்லை. இந்தியாவுக்குப் போகும்போது அங்கே வாங்கி வரும் பட்டையில் என்ன பெயர் இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள், இரண்டு மூன்று மருந்து கலந்த மாத்திரைகள் நிறைய வருகின்றன. மெட்ஃபார்மின் வேறு கதை. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது வதந்தி. கெட்ட சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது என்பதால்தான் ஈஜிஎஃப்ஆர் 30க்குக் கீழே போனால் நிறுத்துகிறார்கள்.

தோ பாயோவிலிருந்து ஒரு மருமகள்: மாமனாருக்கு வீட்டிலேயே வயிற்று வழி டயாலிசிஸ். மீட்டரில் சர்க்கரை 14 காட்டியது, ஆனால் ஆள் வியர்த்துக் கொட்டி உளறினார். மீட்டர் கெட்டுவிட்டதா?

இதைக் கட்டாயம் அவருடைய டயாலிசிஸ் தாதியிடம் இன்றே சொல்லுங்கள். வயிற்றில் ஊற்றும் திரவத்தில் இரண்டு விதம் உண்டு. ஒன்றில் குளுக்கோஸ், அதில் கொஞ்சம் ரத்தத்துக்கு ஏறும், சர்க்கரை உண்மையிலேயே கூடும். இன்னொன்று ஐகோடெக்ஸ்ட்ரின், நீண்ட நேரம் வயிற்றில் விட்டு வைப்பது. அது உடைந்து மால்ட்டோஸாக ரத்தத்தில் ஓடும், குளுக்கோஸ் டீஹைட்ரஜினேஸ் பிக்யூக்யூ என்ற என்சைம் உள்ள சில சோதனைப் பட்டைகள் மால்ட்டோஸையும் குளுக்கோஸ் என்று எண்ணிவிடும். மீட்டர் 14 காட்டும், உண்மையில் 3 இருக்கும், நாம் பயந்துபோய் இன்சுலினைக் கூட்டிப் போடுவோம். இப்படி உயிரே போனதால் 2009இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விட்டது. இவர் எந்தத் திரவம் போடுகிறார், பட்டை எந்த வகை என்பதைப் பெட்டியோடு எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். அதுவரை எண் என்ன சொன்னாலும் ஆள் வியர்த்து உளறினால் ஹைப்போ என்றே வைத்துக்கொண்டு சர்க்கரை கொடுங்கள், விழுங்க முடியாத நிலை என்றால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் ஆம்புலன்ஸுக்கு 995ஐக் கூப்பிடுங்கள்.

இதோடு சேர்த்து ஒன்று: டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு ஹெச்பிஏ1சி குறைத்துக் காட்டும். சிவப்பணுக்களின் ஆயுள் குறைவு, ரத்தம் ஊற ஊசியும் போடுகிறார்கள், சர்க்கரை ஒட்டுவதற்குள் அணு மாறிவிடுகிறது. 6 என்று வந்தால் கொண்டாட வேண்டாம்.

தேக்காவிலிருந்து: தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன், ஒருவேளை உணவு விரதம். கிட்னி கொஞ்சம் பலவீனம், இரவில் இன்சுலின் உண்டு. போடலாமா, விடலாமா?

இரண்டும் தப்பு, பழைய அளவில் போடுவதும் தப்பு, மொத்தமாக விடுவதும் தப்பு. சிறுநீரகம் சரியாக இருப்பவருக்கே பட்டினியில் சர்க்கரை இறங்கும். உங்களுக்கு ஊசியின் வேலை நீண்டு நிற்கும், சிறுநீரகம் செய்துகொடுக்கும் குளுக்கோஸும் குறைவு. விரதம் தொடங்குவதற்குச் சில வாரம் முன்பே மருத்துவரிடம் போய் விரத அளவு என்று தனியாக எழுதி வாங்குங்கள். முருகனிடம் கேட்டால் அவரும் இதையே சொல்வார் என்பது என் நம்பிக்கை. ஊர்வலத்தில் உடன் நடப்பவர் பையில் குளுக்கோமீட்டரும் குளுக்கோஸ் மாத்திரையும் இருக்கட்டும், 4க்குக் கீழே போனால் விரதம் அந்த இடத்தில் முடிந்தது. எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் மாதிரி சிறுநீரில் சர்க்கரையை விடும் மாத்திரை சாப்பிட்டால் அதையும் கட்டாயம் சொல்லுங்கள், பட்டினியோடு சேர்ந்தால் ரத்தத்தில் கீட்டோன் ஏறும், அப்போது சர்க்கரை எண் சாதாரணமாகக்கூட இருக்கும், ஏமாந்துவிடுவோம்.

அங் மோ கியோ மகள் மறுபடி: அக்கா, தாளைப் பார்த்தேன், ஈஜிஎஃப்ஆர் 41இலிருந்து 24 ஆகியிருக்கிறது. நாளைக்கே போகிறோம். இன்று இரவு தாழ்ந்தால் என்ன கொடுப்பது? வீட்டில் ஆரஞ்சு ஜூஸ் இருக்கிறது.

இன்று இரவு ஊசிக்கு முன்னால் இப்போதே மருத்துவமனையின் தொலைபேசி ஆலோசனை எண்ணுக்கோ, திறந்திருக்கும் கிளினிக்குக்கோ கூப்பிட்டு எத்தனை யூனிட் என்று கேட்டுவிடுங்கள், நாளைவரை வைக்காதீர்கள். ஆரஞ்சு ஜூஸ் வேண்டாம், அதில் பொட்டாசியம் அதிகம், 24இல் அவருக்கு அது தேங்கலாம். மைலோவும் சாக்லேட்டும் வேண்டாம், கொழுப்பும் பாலும் சேர்ந்து சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். சாதாரண வெள்ளைச் சர்க்கரை மூன்று தேக்கரண்டி, அரை கிளாஸ் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொல்லுங்கள், 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பாருங்கள், இன்னும் 4க்குக் கீழே என்றால் இன்னொரு முறை அதே அளவு. ஏறிய பிறகு இரண்டு மூன்று கிரீம் கிராக்கர் பிஸ்கட் கொடுத்துவிட்டுத்தான் தூங்கவிடுங்கள். அவருக்கு மருந்து போக நேரம் எடுக்கும் என்பதால் ஒருமுறை ஏறியது மறுபடி இறங்கலாம், இரண்டு மணி நேரம் கழித்து அலாரம் வைத்து எழுந்து இன்னொரு முறை பாருங்கள்.